பெரியவர்கள் குடியிருப்பில் வீடு வாங்கி வாடகைக்கு விடுவது: என் கணக்கு நோட்டிலிருந்து

2017இல் கோயம்புத்தூர் தொண்டாமுத்தூர் ரோட்டில், பெரியவர்களுக்கென்றே கட்டிய ஒரு குடியிருப்பில் ஒற்றைப் படுக்கையறை வீடு வாங்கினோம். 640 சதுர அடி. பத்திரச் செலவு எல்லாம் சேர்த்து 34 லட்சம். எனக்கு அப்போது 53 வயது, வங்கியில் இன்னும் ஏழு வருட சர்வீஸ் பாக்கி. என் வீட்டுக்காரருக்கு 57. (கணவரைச் சொல்கிறேன். பத்திரப்படி வீட்டுக்காரி நான்தான்.) "அறுபது ஆனதும் போய் உட்கார்ந்துடலாம்" என்றார் அவர். அறுபது வந்தபோது கொரோனாவும் வந்தது. அடுத்த வருடம் பெங்களூரில் பேத்தி வந்தாள். இன்றுவரை அந்த வீட்டில் நாங்கள் படுத்துத் தூங்கிய இரவுகள் மொத்தம் பதினொன்று.

வடவள்ளி, பேரூர், துடியலூர் என்று கோவையைச் சுற்றி இந்த மாதிரி இடங்கள் நிறைய வந்துவிட்டன. வாங்குகிறவர்களில் பலர் எங்களைப் போல 'அப்புறம் போகலாம்' கூட்டம்தான். அதுவரை சும்மா ஏன் கிடக்க வேண்டும், வாடகைக்கு விடலாமே என்று நினைப்பார்கள். சாதாரண ஃபிளாட்டை வாடகைக்கு விட்ட அனுபவம் எனக்கும் உண்டு. இதுவும் அப்படித்தான் என்று நினைத்தேன். குடிவருகிறவருக்கு 76 வயது என்பதை மட்டும் கணக்கில் எடுக்கவில்லை.

முதலில் பத்திரத்தைப் பாருங்கள்

உங்கள் கையில் இருப்பது கிரயப் பத்திரமா, டெபாசிட் கட்டிய ஒப்பந்தமா? சில இடங்களில் பெரிய தொகையை டெபாசிட்டாக வாங்கிக்கொண்டு, ஆயுள் உள்ளவரை இருந்துகொள்ளலாம் என்று எழுதிக் கொடுப்பார்கள். அது உங்கள் வீடு இல்லை; நீங்கள் இருப்பதற்கான உரிமை மட்டும்தான். அதை இன்னொருவருக்கு வாடகைக்கு விட முடியாது. பிரிபடாத மனை பாகத்தோடு (மொத்த நிலத்தில் உங்கள் பங்கு) உங்கள் பெயரில் கிரயம் ஆகியிருந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

கிரயம் ஆகியிருந்தாலும், உரிமையாளர் சங்கத்தின் துணை விதிகள் என்று ஒரு புத்தகம் இருக்கும். வாங்கும்போது யாரும் அதைப் படிப்பதில்லை, நானும் படிக்கவில்லை. எங்கள் விதிப்படி உரிமையாளர் எந்த வயதிலும் இருக்கலாம். ஆனால் குடியிருப்பவர்களில் ஒருவருக்காவது 55 முடிந்திருக்க வேண்டும். விருந்தாளியாக வரும் பிள்ளைகள் ஒரு தடவைக்கு 15 நாள் தங்கலாம். வாடகைக்கு வருகிறவரைச் சங்கத்தில் நேரில் கொண்டுபோய்க் காட்டி, ஆதார் நகலும் டாக்டர் சர்டிபிகேட்டும் கொடுத்த பிறகுதான் சாவி. இடத்துக்கு இடம் இது மாறும். விளம்பரம் கொடுப்பதற்கு முன்பே ஒரு நகல் வாங்கி, பென்சிலோடு உட்கார்ந்து படித்துவிடுங்கள்.

பணக் கணக்கு

எங்கள் வீட்டுக்கு இப்போது வாடகை 11,500. வருடத்துக்கு 1,38,000. ஆனால் ஒரு குடித்தனம் போய் அடுத்தது வருவதற்குள் சராசரியாக இரண்டு மாதம் காலி. 23,000 போயிற்று. காலியாக இருந்தாலும் பராமரிப்புக் கட்டணம் மாதம் 4,200 நான் கட்ட வேண்டும், அது 8,400. பஞ்சாயத்து வீட்டு வரி 1,600. பெயின்ட், கீசர், குழாய் என்று சராசரியாக 15,000. கையில் நிற்பது 90,000. போட்ட 34 லட்சத்துக்கு 2.6 சதவீதம் சொச்சம். இதை நான் நோட்டில் எழுதிப் பார்த்த அன்று மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் 8.2 சதவீதம் கொடுத்துக்கொண்டிருந்தது. அதில் உச்சவரம்பான 30 லட்சத்தைப் போட்டிருந்தாலே வருடம் 2,46,000. குழாய் ஒழுகாது, யாருக்கும் போன் பண்ண வேண்டாம்.

அதனால் வாடகை வருமானத்துக்காக இந்த மாதிரி வீட்டை வாங்காதீர்கள். பிற்காலத்துக்கு ஓர் இடம் பிடித்து வைக்கிறோம், அதுவரை பராமரிப்புக் காசாவது வரட்டும் என்றால் சரி. விற்கும்போதும் வாங்குகிறவர் கூட்டம் சிறியது என்பதையும் நினைவில் வையுங்கள். இளம் தம்பதி யாரும் வந்து பார்க்கப் போவதில்லை.

பூட்டி வைப்பதும் மிச்சம் இல்லை. 2018இல் சாவி வாங்கி ஒன்றரை வருடம் பூட்டியே வைத்திருந்தேன். போய்ப் பார்த்தால் பால்கனி முழுக்க மயில் எச்சம், சமையலறை அலமாரியில் கரையான். மாதாமாதம் 4,200 கட்டிக் கரையான் வளர்த்திருக்கிறேன்.

பராமரிப்பையும் சாப்பாட்டையும் வாடகையோடு சேர்த்து ஒரே தொகையாகச் சொல்லாதீர்கள். வாடகை உங்கள் கணக்குக்கு வரட்டும். மற்றதைக் குடியிருப்பவர் நேராகச் சங்கத்துக்குக் கட்டட்டும். சேர்த்து வாங்கினால் அந்த முழுத் தொகையும் உங்கள் வாடகை வருமானமாகப் போய் நிற்கும். நீங்கள் கட்டும் பராமரிப்பைக் கழிக்கவும் முடியாது. அதே சமயம் கேட்கிறவர்களிடம் மொத்தத்தையும் சொல்லிவிட வேண்டும். வெளிநாட்டிலிருந்து பேசும் பிள்ளைகளின் முதல் கேள்வியே "ஆல் இன் ஆல் எவ்வளவு ஆன்ட்டி?" என்பதுதான். எங்கள் இடத்தில் இரண்டு பேருக்கு: வாடகை 11,500, பராமரிப்பு 4,200, மெஸ் சாப்பாடு தலைக்கு 6,800. ஆக 29,300, கரண்ட் பில் தனி. உரிமையாளர் சங்கம் நடத்தும் இடங்களில் பராமரிப்பு மாதம் 7,500ஐயும், சங்கத்தின் வருட வசூல் 20 லட்சத்தையும் தாண்டினால் 18 சதவீத ஜிஎஸ்டி சேரும். தனியார் நடத்தும் இடம் என்றால் போன மாத பில் ஒன்றை வாங்கிப் பார்த்துவிட்டுத் தொகை சொல்லுங்கள்.

யார் வருவார்கள், எப்போது வருவார்கள்

டிசம்பரில் வருவார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகள் லீவில் வந்து அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு பத்து இடம் பார்ப்பார்கள். மார்கழியில் யாரும் குடி போக மாட்டார்கள். தை பிறந்ததும் பால் காய்ச்சுவார்கள். ஆகவே கார்த்திகைக்குள் பெயின்ட் வேலையை முடித்து வையுங்கள். ஆடியில் காலியானால் ஆவணி வரை பேசாமல் இருங்கள். அந்தச் சமயத்தில் பாலக்காட்டுக் கணவாய் காற்று வேறு ஜன்னலைப் பிய்க்கும், வீடு பார்க்க வருகிறவர்கள் சால்வையோடு நின்று "ரொம்பக் குளிருமோ?" என்பார்கள்.

கேட்காவிட்டாலும் சொல்லிவிட வேண்டியவை சில உண்டு. எங்கள் பக்கம் மலையடிவாரம். வாழைத் தோப்புக்கு யானை வரும். இருட்டிய பிறகு கேட்டுக்கு வெளியே நடக்கக் கூடாது. வாக்கிங் பழக்கம் உள்ளவர்களுக்கு இது பெரிய விஷயம். அடுத்தது சாப்பாடு. எங்கள் பொதுச் சமையலறை சைவம். வீட்டுக்குள் அசைவம் சமைக்கலாமா என்பதற்கு ஒவ்வொரு இடத்திலும் ஒரு விதி. எங்கள் இடத்தில் தடை இல்லை, ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்துவார்.

2020 தையில் வந்தவர்கள் கோபிச்செட்டிபாளையத்துக்காரர்கள். பெரியவருக்கு 76, அந்த அம்மாவுக்கு 71. வந்து நாலாம் நாளே பெரியவர் போன் செய்தார். "அம்மிணி, ஊடு நல்லா இருக்குதுங்க. இந்த மெஸ்ஸுல சாம்பாரைத்தான் இனிக்க இனிக்க வெக்கறானுங்க. ஞாயித்துக்கிழமை ஒரு நாள் கறி எடுத்துக்கலாமுங்களா?" எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். பிறகு விதிப் புத்தகத்தைத் தேடி எடுத்து, சொன்னது சரிதானா என்று பார்த்தேன்.

வீட்டுக்குள் செய்ய வேண்டியவை

டைல்ஸ் வழுக்காமல் இருப்பது, கழிவறைச் சுவரில் கைப்பிடி, சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் கதவு, இதையெல்லாம் கட்டியவர்களே செய்திருப்பார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது அவர்கள் யோசிக்காத இடங்களை. பரண் உங்கள் குடித்தனக்காரர்களுக்கு உபயோகம் இல்லை, ஸ்டூல் போட்டு ஏறவும் கூடாது. நான் பரணை அடைத்துவிட்டு, இடுப்பு உயரத்தில் இரண்டு அலமாரி வைத்தேன். பாத்ரூம் தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கிற மாதிரி இருக்க வேண்டும். கட்டில், பீரோ வாங்கிப் போடாதீர்கள். அவர்கள் ஐம்பது வருட வீட்டைக் காலி செய்துவிட்டு வருகிறார்கள், எதையாவது ஒன்றைத் தூக்கிக்கொண்டுதான் வருவார்கள். கோபிக்காரர் ஒரு தேக்குச் சாய்வு நாற்காலியைக் கொண்டுவந்தார். அதை வைக்க ஹாலில் டிவியை இடம் மாற்ற வேண்டியிருந்தது.

எல்லாவற்றையும்விட முக்கியம் அந்தக் கயிறு. படுக்கையறையிலும் பாத்ரூமிலும் ஆபத்து மணிக்கு ஒரு கயிறு தொங்கும். இழுத்தால் செக்யூரிட்டி அறையில் மணி அடிக்கும், நர்ஸ் ஓடி வருவார். வீடு காட்டும்போது எல்லோரும் பெருமையாக அதைத்தான் காட்டுவார்கள். நானும் காட்டினேன். 2021 ஆடியில் ஒரு காலை, பெரியவர் மெஸ்ஸுக்குப் போயிருந்தபோது அந்த அம்மா பாத்ரூமில் விழுந்துவிட்டார். விழுந்த இடத்திலிருந்து கயிறு எட்டவில்லை. துடைக்கும்போது நனைகிறது என்று, வேலைக்கு வரும் பெண் அதைத் துண்டு மாட்டும் கம்பியில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தாள். நல்ல எண்ணத்தில்தான் செய்திருக்கிறாள். நாற்பது நிமிடம் கழித்துப் பெரியவர் இட்லியோடு திரும்பி வந்துதான் பார்த்தார். மணிக்கட்டில் விரிசல், இடுப்புக்கு ஒன்றும் இல்லை. "முருகன் காப்பாத்தினான் கண்ணு" என்றார் அந்த அம்மா. எனக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

அதற்குப் பிறகு செய்தது இது. கயிற்றின் நுனி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நிற்க வேண்டும். கீழே விழுந்து கிடப்பவர் கை நீட்டினால் எட்ட வேண்டும். வெள்ளைச் சுவரில் வெள்ளைக் கயிறு தெரியாது, சிவப்பு நைலான் கயிறாக மாற்றினேன். மாதம் ஒரு தடவை இழுத்துப் பார்த்து, யார் எத்தனை நிமிடத்தில் வந்தார்கள் என்று எழுதச் சொன்னேன். பெரியவர் அதை ஒரு வேலையாகவே எடுத்துக்கொண்டார், முதல் தேதி காலை ஆறு மணிக்கு இழுத்துவிட்டு எனக்கு வாட்ஸ்அப் அனுப்புவார்: "4 நிமிஷம். நர்ஸ் பாவம், செருப்பு போடாம வந்துச்சு."

அக்ரிமென்ட்

தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பற்றிய 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. எழுத்து மூலம் ஒப்பந்தம் போட்டு, அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். அரசின் இணையதளத்திலேயே செய்யலாம், பதிவு எண் கொடுப்பார்கள். "பதினோரு மாசத்துக்குப் போட்டா பதியவே வேண்டாம்" என்று டைப் அடிப்பவர் சொல்வார். அது சார்பதிவாளர் அலுவலகப் பதிவு பற்றிய பேச்சு. இது வேறு, பதினோரு மாதத்துக்கும் சேர்த்துத்தான். அட்வான்ஸாகச் சட்டம் குறிப்பிடும் அளவு மூன்று மாத வாடகை. பத்து மாதம் கேட்கும் பழைய வழக்கத்தை விட்டுவிடுங்கள்.

டைப் அடிப்பவரிடம் இருக்கும் வழக்கமான அக்ரிமென்ட், குடித்தனக்காரர் ஒருநாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு லாரியில் சாமான் ஏற்றிப் போவார் என்று நினைத்து எழுதியது. இந்த வீடுகளில் அப்படிப் போகிறவர்கள் குறைவு. ஆஸ்பத்திரிக்குப் போவார்கள், பிள்ளை வீட்டுக்குப் போவார்கள், அல்லது போய்ச் சேர்ந்துவிடுவார்கள். அதை எழுதி வைக்கக் கூச்சப்பட்டால் பின்னால் எல்லோருக்கும் கஷ்டம். எனக்கு வந்தது.

2023 மார்கழியில் பெரியவர் தூக்கத்திலேயே தவறிவிட்டார். அக்ரிமென்ட் அவர் ஒருவர் பெயரில். மகன் சிட்னியிலிருந்து வந்து, காரியம் முடித்து, அம்மாவைப் பெங்களூரில் இருக்கும் தங்கை வீட்டில் விட்டுவிட்டுப் பன்னிரண்டாம் நாளே கிளம்பினார். சாமான் அப்படியே. "ஆறு மாசம் வெச்சுக்கறேன் ஆன்ட்டி, அப்பப்போ வந்து இருப்பேன்" என்றார். வாடகைதாரர் இறந்தால் ஒப்பந்தத்தின் மீதிக் காலம் வாரிசுகளுக்கு உண்டு என்று சட்டம் சொல்கிறது. ஆனால் மகனுக்கு 44 வயது. சங்க விதிப்படி அவர் அங்கே 15 நாளுக்குமேல் இருக்க முடியாது. யாரும் தப்பாக நடந்துகொள்ளவில்லை. ஆனாலும் மூன்று மாதம் வீடு பூட்டிக் கிடந்தது. அப்பா போன வீட்டின் சாமானை எடுங்கள் என்று எப்படி நச்சரிப்பது? வாடகை கேட்கவும் வாய் வரவில்லை. பராமரிப்பை நான் கட்டினேன்.

இப்போது என் அக்ரிமென்டில் இருப்பவை: கணவன் மனைவி இருவருமே வாடகைதாரர்கள், ஒருவர் இல்லாமல் போனாலும் மற்றவருக்கு அதே வாடகையில் தொடரும். பிள்ளைகளில் ஒருவர் பொறுப்பாளராகக் கையெழுத்துப் போடுவார். அவர் வெளிநாட்டில் இருந்தால், இரண்டு மணி நேரத்தில் வந்து சேரக்கூடிய ஓர் உறவினரின் பெயரும் போன் நம்பரும் வேண்டும். சாதாரணமாக இரண்டு மாத நோட்டீஸ், உடல்நிலை காரணம் என்றால் ஒரு மாதம் போதும். இருவருமே குடியிருக்க முடியாத நிலை வந்தால் 45 நாளுக்குள் பொறுப்பாளர் சாமானை எடுத்துக்கொள்வார், அதுவரை வாடகை உண்டு, அதற்குப் பிறகு சங்க மேனேஜர் முன்னிலையில் பட்டியல் போட்டு ஸ்டோர் ரூமுக்கு மாற்றலாம். முழுநேர ஆள் வைத்துக் கவனிக்கும் நிலை வந்தால், அப்படிப்பட்டவர்களைக் கவனிக்கும் தனிப் பிரிவுக்கு மாறுவது பற்றிச் சங்கம் சொல்வதே முடிவு. படித்துக் காட்டும்போது பிள்ளைகள்தான் முகம் சுளிப்பார்கள். பெரியவர்கள் "சரிதானே, எழுதுங்க" என்றுவிடுவார்கள்.

சொந்த உபயோகத்துக்கு வேண்டுமென்றால் மூன்று மாத நோட்டீஸில் காலி செய்யச் சொல்லலாம் என்றும் ஒரு வரி உண்டு. ஆனால் எண்பது வயதுக்காரரிடம் போய், நான் வரப் போகிறேன், நீங்கள் கிளம்புங்கள் என்று என்னால் சொல்ல முடியாது. அதனால் நாங்கள் குடிபோக நினைக்கும் வருடத்துக்கு இரண்டு வருடம் முன்பே புதுக் குடித்தனம் வைப்பதை நிறுத்திவிடுவதாக முடிவு செய்திருக்கிறோம். நீங்களும் தேதியை முதலிலேயே யோசித்துவிடுங்கள்.

வரி, சுருக்கமாக

வந்த வாடகையில் நீங்கள் கட்டிய வீட்டு வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதம் பழுதுபார்ப்புக்கென்று கழித்துக்கொண்டு மற்றதை வருமானத்தில் காட்ட வேண்டும். உண்மையில் எவ்வளவு செலவானாலும் அதே 30தான். வாடகை மாதம் 50,000ஐத் தாண்டினால் குடித்தனக்காரர் டிடிஎஸ் பிடிக்க வேண்டும், அதாவது வருமான வரியை வாடகையிலேயே பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். இந்த வீடுகளுக்கு அந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. ஆனால் உரிமையாளர் வெளிநாட்டுவாசி என்றால் தொகை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் டிடிஎஸ் உண்டு, 30 சதவீதமும் அதற்குமேல் செஸ்ஸும். எழுபது வயதுத் தாத்தாவால் அதையெல்லாம் செய்ய முடியாது. அவருடைய பொறுப்பாளரிடமும் உங்கள் ஆடிட்டரிடமும் முதல் மாதமே பேசி ஏற்பாடு செய்துவிடுங்கள். பணமும் பொதுவாக என்ஆர்ஓ கணக்குக்குத்தான் (வெளிநாட்டுவாசிகள் இங்கே வரும் வருமானத்துக்கு வைக்கும் வங்கிக் கணக்கு) போகும்.

சாவி கொடுக்கும் நாள்

ஒரு பட்டியல் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்: ஃபேன் 3, கீசர் 1, சிவப்புக் கயிறு 2 (இழுத்துப் பார்த்தாயிற்று), சாவி 3, ஒன்று செக்யூரிட்டியிடம். மீட்டர் ரீடிங்கைப் போட்டோ எடுத்து வையுங்கள். கரண்ட் ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவைதான் என்பதால், நடுவில் குடிவந்தால் யார் எத்தனை யூனிட் என்று சண்டை வரும். அந்த 100 இலவச யூனிட் யாருக்கு என்றுகூடக் கேட்டிருக்கிறார்கள்.

இப்போது இருப்பவர் கும்பகோணத்துக்காரர், ரிடையர்டு டீச்சர், 68 வயது, தனி ஆள். வீடு பார்க்க வந்தபோது ஹாலில் அந்தச் சாய்வு நாற்காலி இன்னும் கிடந்தது. சிட்னிக்கு எடுத்துப் போக முடியாது, தங்கை வீட்டில் இடம் இல்லை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். டீச்சர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த வீட்ல யாராவது..." என்று இழுத்தார். ஆமாம், போன மார்கழியில், தூக்கத்தில், 79 வயதில் என்றேன். மறைத்தாலும் மெஸ்ஸில் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். இந்த மாதிரி குடியிருப்பில் யாரும் போகாத வீடு வேண்டுமென்றால் புதிதாகக் கட்டுகிற இடத்துக்குத்தான் போக வேண்டும். அவர் தலையாட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, பின்னால் சாய்ந்து பார்த்தார். "இது வீட்டோட சேர்த்தியா?" என்று கேட்டார்.

பட்டியலில் கடைசி வரியாகப் பேனாவால் சேர்த்தோம்: சாய்வு நாற்காலி, தேக்கு, 1. வலது கைப்பிடி கொஞ்சம் ஆடும்.